பலூனை நீக்கிய வானம்

திருவனந்தபுரம்
2 அக்டோபர் 2024

பிரவின்,

நீங்கள் தீவுக்குப் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. காகிதத்தில் எழுதுவது இதுதான் முதல் முறை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நாம் என்ன பேசுகிறோம்? சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். அங்கே மழையா, இங்கேயும் மழை. ஒரே துறையில் வேலை பார்க்கும் புருஷனும் பெண்டாட்டியும் பதினோரு மாதமாக ஒருவருக்கொருவர் வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருக்கிறோம். நடுவில் லைன் அறுந்துவிடும். அறுந்ததும் எனக்கு நிம்மதியாக இருக்கிறது என்பதை நேற்றுத்தான் கவனித்தேன். பயமாக இருந்தது. அதனால் காகிதம்.

ஒரு விஷயத்தை நீங்கள் வேறு யார் வாயாலும் கேட்பதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் மையத்துக்கு ஒரு புதிய வேலை வந்திருக்கிறது. இன்னும் ஏழெட்டு வருஷத்தில் ஒரு வானிலை செயற்கைக்கோள் அனுப்பலாமா என்று யோசிக்கிறார்கள். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நின்று, அரைமணிக்கு ஒரு தடவை காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அடுக்கடுக்காக அளக்குமாம். இவ்வளவு செலவழித்து அனுப்பினால் முன்னறிவிப்பு உண்மையிலேயே தேறுமா? கட்டுவதற்கு முன்பே அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகக் கணினியில் ஒரு வருஷத்துக்கான வானத்தை நாங்களே உண்டாக்குகிறோம். அதை உண்மை வானம் என்று வைத்துக்கொள்கிறோம். இன்னும் பிறக்காத அந்தச் செயற்கைக்கோள் அங்கே இருந்திருந்தால் என்ன பார்த்திருக்கும் என்று கணக்கிட்டு, அந்த அளவுகளை மட்டும் ஒரு முன்னறிவிப்பு மாடலுக்குக் கொடுக்கிறோம். அது ‘உண்மை’க்கு எவ்வளவு கிட்டே வருகிறது என்று பார்க்கிறோம். விடைத்தாள் நம் கையில் இருப்பதால் மதிப்பெண் போடலாம்.

ஐந்து சோதனைகள். ஐந்தாவதில், செயற்கைக்கோள் இருக்கும்போது தீவுகளில் காற்றை அளக்கத் தினமும் விடும் வானிலை பலூன்கள் தேவையா என்று பார்க்க வேண்டும். உங்கள் தீவின் பலூனை நீக்கிவிட்டு ஓட்ட வேண்டும். பட்டியல் போட்டவர் சேஷன் சார். எங்கள் பிரிவின் தலைவர் அவர், நான் மறுத்திருந்தால் வேறு யாரிடமாவது கொடுத்திருப்பார். நான் மறுக்கவில்லை.

ஏன் மறுக்கவில்லை என்று கேட்காதீர்கள்.

கரமனை வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. மாடிக்குழாயில் மட்டும் தண்ணீர் குறைவு.

திவ்யா

❖

தீவு
19 அக்டோபர் 2024

அன்புள்ள திவ்யா,

கடிதம் பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. கப்பல் இரண்டு தீவு சுற்றி வந்ததாம்.

நீ காகிதத்தில் எழுதியதால் நானும் போனில் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

போன வருஷம் ஓணம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை சேஷன் சார் வீட்டு விருந்து. உன் ஆட்கள் பத்துப் பேர், நான் ஒருவன். யாரோ என்னிடம் என்ன வேலை என்று கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் நீ சொன்னாய்: “இவர் பலூன் விடறார். இன்னும் பத்து வருஷம்தான். அப்புறம் மேலேருந்து ஒரு பெட்டி அதையெல்லாம் பாத்துக்கும்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் பழவங்காடியில் உனக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொடுத்தேன். உனக்கு ஞாபகம் இருக்காது.

மறுநாள் காலை ஆபீசில் தீவுப் பணிக்கு ஆள் கேட்டு ஒரு சுற்றறிக்கை இருந்தது. மூன்று மாதமாக யாரும் கையெழுத்துப் போடாத காகிதம். போட்டேன். உன்னிடம் கேட்கவில்லை.

நீ பொய் எதுவும் சொல்லவில்லை. அதுதான் காரணம்.

இங்கே வேலை காலை நாலரைக்கு ஆரம்பம். பலூனில் வாயுவை நிரப்பி, கீழே கருவிப்பெட்டியைக் கட்டி, ஐந்தரைக்கு விடுவேன். ஒன்றே முக்கால் மணி நேரம் ஏறும். முப்பது கிலோமீட்டர் உயரத்தில் வெடித்து எங்கோ கடலில் விழும். அதற்குள் அனுப்ப வேண்டியதை எல்லாம் அனுப்பியிருக்கும். வீட்டுக்காரர் யூசுப்க்கா பழைய கப்பல் ஊழியர். அவர் மனைவி சபீனா, மாசிக் கருவாடும் தேங்காயும் போட்டு ஒரு கறி அனுப்புவார். வேறு ஒன்றும் இல்லை.

உன் ஐந்தாவது சோதனையை நன்றாகச் செய்.

பிரவின்ராஜ்

❖

திருவனந்தபுரம்
11 நவம்பர் 2024

பிரவின்,

அந்த வார்த்தையை நான் மறந்தே போயிருந்தேன். அதிலே மோசமானது அதுதான். பூ வாங்கியது ஞாபகம் இருக்கிறது. நீங்கள் அன்றைக்கு அதிகம் பேசவில்லை என்பதும் ஞாபகம் இருக்கிறது. தலைவலி என்று நினைத்தேன். நவம்பரில் நீங்கள் ஆர்டரைக் காட்டியபோது என்னைப் பிடிக்காமல் போகிறீர்கள் என்று முடிவுகட்டி, நானும் வீம்பாகப் பெட்டி அடுக்கிக்கொடுத்தேன்.

சமாதானம் சொல்லப் போவதில்லை. விருந்து நடந்த மாதம், இந்தத் திட்டம் வந்தால் யார் பொறுப்பு என்று பேச்சு நடந்தது. சேஷன் சார் முன்னால் எதிர்காலத்தைப் பற்றிப் புத்திசாலித்தனமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று துடித்தேன். கைக்கு அகப்பட்டது நீங்கள். இரண்டு வருஷம் என்னை மேடம் மேடம் என்று கூப்பிட்ட மனிதரைக் கல்யாணம் செய்துகொண்டு, எல்லோர் முன்னாலும் மேடமாகவே இருந்திருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். இதை எழுதுவதற்கு நான்கு காகிதம் கிழித்தேன்.

இனி அடுத்த விஷயம். ஐந்தாவது சோதனை முடிந்து, முதல் ரிப்போர்ட்டும் போய்விட்டது. செயற்கைக்கோள் இருக்கும்போது உங்கள் தீவின் பலூனை நீக்கினால் முன்னறிவிப்பில் கூடும் பிழை நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. வரைபடத்தில் இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடக்கின்றன. பிப்ரவரியில் டெல்லியிலிருந்து கமிட்டி வருகிறது. இதை ஏற்றுக்கொண்டால் தீவு நிலையங்களை இப்போதே படிப்படியாக மூடலாம் என்று எழுதுவார்களாம். உங்களுடையது முதலாவது.

அப்படியானால் நீங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள்.

ஏன் மறுக்கவில்லை என்று கேட்காதீர்கள் என்று எழுதியிருந்தேனே. இதுதான். ஒரு ஆராய்ச்சி முடிவைப் பார்த்து ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதது இதுதான் முதல் முறை. வந்துவிடுங்கள் பிரவின்.

திவ்யா

❖

தீவு
1 டிசம்பர் 2024

திவ்யலட்சுமி அவர்களுக்கு,

என்னை நீக்கியதும் வானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

விருந்தில் சொன்னதை இப்போது கணக்குப் போட்டும் காட்டிவிட்டாய். அதே கடிதத்தில் மன்னிப்பும் கேட்டிருக்கிறாய். எதை முதலில் படிப்பது என்று தெரியவில்லை.

ஒரு கேள்வி மட்டும். என் பதிவேட்டிலிருந்து பதினேழு நாட்களை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மே கடைசியில் ஆறு, ஜூனில் எட்டு, அக்டோபரில் மூன்று. இந்த நாட்களில் பலூன் கையை விட்டு ஐநூறு மீட்டர் ஏறுவதற்குள் மேகத்தில் மறைந்துவிட்டது. கீழிருந்து மேல்வரை ஈரம். இந்தப் பதினேழில் பதினொரு நாளுக்கு அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ உங்கள் கரையில் பெருமழை. அன்றைக்கு மேலே நிற்கும் உன் பெட்டிக்கு மேகத்துக்குக் கீழே என் தீவு தெரியுமா?

தெரியும் என்றால் சரி. மூட்டை கட்டுகிறேன்.

பிரவின்ராஜ்

❖

திருவனந்தபுரம்
6 ஜனவரி 2025

பிரவின்,

தெரியாது.

உங்கள் தாளை முதலில் கோபமாகத்தான் மேஜையில் போட்டேன். இரண்டு நாள் கழித்து, இவர் தவறு என்று காட்டிவிடலாமே என்று ஒரு காரியம் செய்தேன். பொய் வானத்தை விட்டுவிட்டு நிஜ வானத்துக்கு வந்தேன். போன மே, ஜூன், அக்டோபரில் உண்மையிலேயே வந்த அளவுகள் எல்லாம் எங்களிடம் இருக்கின்றன. அதிலிருந்து உங்கள் பலூனை மட்டும் நீக்கி, முன்னறிவிப்பை மறுபடி ஓட்டினேன். பொய் வானத்திலும் இப்போது இருக்கும் கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு அதையே செய்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இருந்தால்தான் பொய் வானம் நம்பத்தக்கது. பொய் வானத்தில் உங்களை நீக்கியது யாருக்கும் தெரியவே இல்லை. நிஜ வானத்தில் உங்கள் பதினேழு நாட்களில் முன்னறிவிப்பு தடுமாறிப்போயிற்று. ஒரு நாள் மழை நூற்றைம்பது கிலோமீட்டர் வடக்கே போய்விட்டது.

தவறு என்னுடையது. ‘உண்மை’ வானத்தை உண்டாக்கிய மாடலும் அதை முன்னறிவிக்கப் பார்த்த மாடலும் ஒரே குடும்பம். கேள்வித்தாள் தயாரித்தவரையே உட்கார்த்திப் பரீட்சை எழுத வைத்ததுபோல. அந்த வானத்தின் மேகங்களும் மெலிசு. இன்னும் பிறக்காத என் கருவிக்கு அவற்றை ஊடுருவிப் பார்க்க நானே தாராளமாக அனுமதி கொடுத்திருந்தேன். நவம்பரிலேயே இந்தச் சோதனையைச் செய்திருக்க வேண்டும். எப்போதும் செய்வேன். இந்த ஒரு தடவை செய்யவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

சேஷன் சாரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கணினியில் நமக்கு ஒதுக்கிய நேரம் தீர்ந்துவிட்டது, கமிட்டிக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது, ரிப்போர்ட்டில் இதை ஒரு குறையாகக் குறிப்பிட்டுவிட்டு மற்றதை அப்படியே விடலாம் என்றார். அடிக்குறிப்பாக. ஜானவி என்று புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். அவள் தன் ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய கணினி நேரத்தை எனக்குத் தருகிறேன் என்கிறாள். வேறு நாட்டு மையம் ஒன்று முற்றிலும் வேறு மாடலில் உண்டாக்கிய வானமும் கிடைக்கிறது. செய்தால் மறுபடி முழுவதும் செய்ய வேண்டும். முடிவு எப்படி வரும் என்று எனக்கு இப்போதே தெரியும்.

புது வருஷத்தன்று தம்பானூரிலிருந்து பஸ் ஏறிப் போனக்காட்டுக்குப் போனேன், உங்கள் அம்மாவைப் பார்க்க. இத்தனை மாதத்தில் தனியாகப் போனது இதுதான் முதல் தடவை. தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் இப்போது பாதிக்கு மேல் காலி. அத்தைக்கு முட்டுவலி, ஆனால் எனக்காகக் கோழி அடித்து வைத்திருந்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவும்போது திடீரென்று கேட்டார்கள்:

“அவன் போறேன்னு சொன்னப்ப, போவாதீயன்னு நீ சொன்னியாம்மா?”

இல்லை என்றேன்.

“சொல்லிருக்கலாம்லா. அவன் அதுக்குத்தான் நின்னுருப்பான். சின்னதுலேருந்து அப்படித்தான். வாசல்ல செருப்பப் போட்டுட்டு, யாராவது கூப்புடுதாகளான்னு நிப்பான்.”

நீங்கள் கிளம்பிய அன்று வாசலில் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே நெடுநேரம் நின்றீர்கள். நான் டாக்சி டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பலூனின் அளவுகள் தினமும் காலை என் திரைக்கு வருகின்றன. உங்கள் நிலைய எண், பின்னால் வரிசையாக எண்கள். ஆபீசுக்குப் போனதும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். வந்திருந்தால் நீங்கள் எழுந்துவிட்டீர்கள், கை கால் சுகம் என்று அர்த்தம். ஜூலையில் ஒரு நாள் வரவில்லை. மாலைவரை பைத்தியம் பிடித்ததுபோல் இருந்தேன். வாயு இயந்திரம் பழுது என்று அப்புறம் தெரிந்தது. அப்போதும் நான் போன் செய்யவில்லை. இப்படிப்பட்டவள் நான்.

போகாதீர்கள். ஒரு வருஷம் தாமதம்தான். இருந்தாலும் சொல்கிறேன்.

திவ்யா

❖

தீவு
29 ஜனவரி 2025

திவ்யா,

உன் கடிதம் வந்த கப்பல் இன்று சாயங்காலமே திரும்புகிறது. அதிலேயே அனுப்ப வேண்டும். அடித்துத் திருத்த நேரமில்லை.

கடைசி வரியை யூசுப்க்கா வீட்டுப் பின்புறம் நின்று படித்தேன். அவர் பார்த்துவிட்டார். “எந்தா சாரே, ஆர்க்கெங்கிலும் சுகமில்லே?” என்று கேட்டார். யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார். எல்லோருக்கும் சுகம்தான் என்றேன். என் முகம் அப்படி இல்லை போலிருக்கிறது.

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டாம். கோபத்தில் கேட்டது. உனக்குத் தெரியாததை எனக்குத் தெரியும் என்று காட்ட வேண்டியிருந்தது. காட்டியாயிற்று. போதும்.

முதல் முடிவையே கொடுத்துவிடு. சேஷன் சார் சொல்வதுபோல் அடிக்குறிப்பு போட்டுவிட்டு மீதியை விடு. நிலையத்தை மூடட்டும். நான் வந்துவிடுகிறேன். பலூன் விடும் ஒருவனுக்காக நீ உன் பெயரைக் கெடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் கணினி நேரத்தையும் வாங்கி, என்னை இங்கேயே கட்டிப்போடப் போகிறாயா? எனக்கு இந்தத் தீவில் இன்னொரு மழைக்காலம் வேண்டாம். நாலு மாதம் கப்பல் சரியாக வராது. காற்று ஒரே பக்கத்திலிருந்து அடிக்கும். போன வருஷம் ஆகஸ்டில் பத்து நாள் நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினோராவது நாள் பலூனிடம் பேசினேன். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன்.

கரமனையாற்றுப் பக்கம் நம் ஜன்னல், பின்னால் நீ ஹேர்பின்னை வாயில் வைத்துக்கொண்டு எனக்குப் பதில் சொல்வது. அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

கப்பல் ஊதிவிட்டது.

பிரவின்

❖

திருவனந்தபுரம்
3 மார்ச் 2025

பிரவின்,

உங்கள் கடிதம் பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி கிடைத்தது. அன்றைக்கு இரண்டாவது ஓட்டத்தில் பாதி முடிந்திருந்தது. நிறுத்தலாம் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். ஜானவியிடம் போய், உன் நேரம் மீதியை நீயே வைத்துக்கொள் என்று சொல்வதற்காக எழுந்தும் விட்டேன். அவள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு எனக்காக மேகக் கோப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். இதற்குமேல் உயர்ந்த காரணம் எதுவும் என்னிடம் இல்லை. ஒன்று சரியில்லை என்று தெரிந்த பிறகு அதைச் சரி என்று எழுத எனக்குக் கை வராது. அது நல்ல குணமா, வெறும் பழக்கமா என்றும் தெரியவில்லை.

கமிட்டி இருபத்தோராம் தேதி கூடியது. சேஷன் சார் முந்தின நாள் என் புதிய வரைபடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, நீயே சொல், நான் பக்கத்தில் உட்கார்கிறேன் என்றார். உட்கார்ந்தார்.

இருபது நிமிஷம் பேசினேன். தெளிந்த நாட்களில் அந்தச் செயற்கைக்கோள் அற்புதமாக வேலை செய்கிறது. அதை அனுப்பத்தான் வேண்டும். ஆனால் மேகம் மூடிய நாட்களில் அது மேகத்தின் முதுகை மட்டும்தான் பார்க்கிறது. கரைக்கு மழை கொண்டுவருவது அந்த நாட்கள்தான். அன்றைக்குத் தீவின் பலூனை நீக்கினால் பிழை நூற்றுக்குப் பதினான்கு பங்கு கூடுகிறது. இரண்டு வானங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

கமிட்டித் தலைவர் ஒரு வயதான அம்மா. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அப்படியானால் நவம்பரில் நீங்கள் அனுப்பிய முதல் ரிப்போர்ட் தவறா என்று கேட்டார். தவறு என்றேன். யார் கண்டுபிடித்தது என்றார். அந்தத் தீவில் பலூன் விடுகிறவர், தன் பதிவேட்டிலிருந்து பதினேழு நாட்களை எழுதி அனுப்பினார் என்றேன். பெயரைக் கேட்டார். சொன்னேன். சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மறைத்ததாக நாளைக்கு யாரும் சொல்லக் கூடாதே. அவர் என் கணவர் என்றும் சொன்னேன்.

அறையில் நாற்காலி அசைகிற சத்தம். தலைவர் நிதானமாகக் கேட்டார்: இந்த முடிவில் உங்களுக்குச் சொந்த விருப்பம் இருக்கிறது என்று யாராவது சொன்னால்?

அங்கே எல்லாம் இங்கிலீஷில்தான் பேசினோம். இதையும் இங்கிலீஷில்தான் சொன்னேன். உங்களுக்குத் தமிழில் எழுதுகிறேன்.

“இருக்கிறது மேடம். நிலையத்தை மூட வேண்டும் என்பதுதான் என் விருப்பம். மூடினால் அவர் வீட்டுக்கு வந்துவிடுவார். முதல் முடிவை நான் சரிபார்க்காமல் விட்டதற்குக் காரணமும் அதுதான். இரண்டாவது முடிவு என் விருப்பத்துக்கு எதிரானது.”

சேஷன் சார் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

போன வாரம் முடிவு வந்தது. செயற்கைக்கோளுக்கு அடுத்த கட்ட அனுமதி. தீவு நிலையங்கள் எதையும் மூடக் கூடாது. உங்கள் தீவில் மழைக்காலத்தில் தினமும் ஒரு பலூனுக்குப் பதில் இரண்டு விட வேண்டும்.

எல்லோரும் வாழ்த்தினார்கள். நான் வீட்டுக்கு வந்து சமைக்காமல் படுத்துவிட்டேன். நீங்கள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. அதை நான் தரவில்லை. உங்களை அங்கேயே நிறுத்தியது நான்தான் பிரவின். இந்தத் தடவை மன்னிப்புக் கேட்பதற்குக்கூட எனக்கு வழியில்லை. செய்தது தவறு என்று நான் நினைக்கவில்லையே.

திவ்யா

❖

தீவு
30 மார்ச் 2025

அன்புள்ள திவ்யா,

பத்து நாளாக எழுதவில்லை. முதல் இரண்டு நாள் கோபம். வேலைக்குப் போனேன், பலூன் விட்டேன், சாப்பிட்டேன். கடிதத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் சபீனா கறி கொண்டுவந்தபோது, வீட்டிலிருந்து என்ன செய்தி என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த மலையாளத்தில் பொய் வானம், நிஜ வானம், கமிட்டி எல்லாவற்றையும் விளக்க அரைமணி நேரம் ஆயிற்று. நீ கமிட்டியில் சொன்னதைச் சொன்னதும் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “அத்தரையும் ஆளுகளுடே முன்னில் வெச்சோ?” என்றார். அத்தனை பேர் முன்னாலேயா என்று.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஆமாம், அத்தனை பேர் முன்னால்.

உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுத மாட்டேன். இருக்கிறது. இரவில் இருக்கிறது. விடியற்காலையில் பலூனைக் கட்டும்போது இல்லை. முன்பெல்லாம் அதைக் கையை விட்டதும் உள்ளே போய்விடுவேன். இப்போது கண்ணுக்குத் தெரிகிறவரை நிற்கிறேன்.

ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. இரண்டு பலூன் என்பதால் இன்னொரு ஆளை அனுப்புகிறார்கள். வினீத் என்று ஒருவன், கொல்லத்துக்காரன், மே முதல் வாரம் வந்து சேர்வான். எனக்கு இரண்டு வழி கொடுத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு வருஷம் நிலையப் பொறுப்பாளராக இருக்கலாம், பதவி உயர்வு உண்டு. அல்லது திருவனந்தபுரத்துக்கே திரும்பலாம். திரும்புவதென்றால் இப்போதே மேயில் கிளம்பலாம், இல்லை மழைக்காலம் முடிந்து செப்டம்பரில் கிளம்பலாம். ஏப்ரல் கடைசிக்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

காகிதம் மேஜையில் இருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

என்ன செய்யட்டும் திவ்யா?

பிரவின்

❖

கொச்சி
22 ஏப்ரல் 2025

பிரவின்,

பதிலை நேற்றே போனில் சொல்லிவிட்டேன். ஆனால் லைன் நடுவில் போய்விட்டது. நீங்கள் எவ்வளவு கேட்டீர்கள் என்று தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன், இன்று கிளம்பும் கப்பலிலேயே இது வந்துவிடும்.

செப்டம்பர் என்று எழுதுங்கள். மேயில் வாருங்கள் என்று எழுதத்தான் ஆசை. இரண்டு நாள் அந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஆனால் வினீத் வந்த முதல் மாதத்திலேயே மழை பிடித்துக்கொள்ளும். அந்தக் காற்றில் பலூனைப் பிடித்து நிற்க அவனுக்கு யாராவது ஒரு மழைக்காலம் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தப் பலூன் வேண்டும் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவள் நான். இரண்டு வருஷம் வேண்டாம். பதவி உயர்வு வேண்டுமென்றால் இங்கே வந்து சண்டை போட்டு வாங்கிக்கொள்ளலாம், நானும் கூட வருகிறேன்.

அதுவரை காத்திருக்கிறேன் என்று எழுதியிருப்பேன். ஒன்றரை வருஷம் காத்திருந்து பார்த்தாயிற்று. எனக்கு அதில் திறமை இல்லை.

அதனால் நேற்று முன்தினம் ரயில் ஏறிக் கொச்சிக்கு வந்தேன். தீவுக்குப் போக அனுமதிச் சீட்டு வாங்கும் ஆபீசில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். யூசுப்க்காவிடம் போனில் பேசிவிட்டேன். தீவுக்காரர் ஒருவர் பொறுப்பேற்றால்தான் அனுமதியாம், எனக்கு ஜாமீன் நிற்பது அவர்தான். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

சேஷன் சார், நிலையத்தைப் பார்வையிட அலுவலக வேலையாகப் போவதாக ஒரு கடிதம் தருகிறேன் என்றார். இங்கே ஜன்னலில் இருந்தவரும் அதையேதான் சொன்னார். ஆபீஸ் காரியமென்றால் மூன்று நாளில் கிடைக்கும், சொந்தக் காரியமென்றால் பதினெட்டு நாளாவது ஆகும். யோசித்து எழுதுங்கள் என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

பயணத்தின் நோக்கம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ‘கணவரைப் பார்க்க’ என்று எழுதினேன்.

அவர் வாசித்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். மே பன்னிரண்டு கப்பலில்தான் இடம் வரும் என்றார். ஜூன் பிறந்தால் கடல் கலங்கிவிடும், திரும்பும் கப்பலுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்றும் சொன்னார். தெரியும் என்றேன்.

அடுத்த கட்டம், எத்தனை நாள் தங்குவீர்கள் என்பது. அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டேன். முப்பது என்றார்.

முப்பதையும் எழுதினேன்.

திவ்யா